விலங்குப் பல்வரிசைச் சீரமைப்பு

கோணலாக முளைத்த பல்லை நகர்த்தியோ, குறைத்தோ, பிடுங்கியோ விலங்கு வலியில்லாமல் மெல்ல வழிசெய்யும் கால்நடை மருத்துவப் பிரிவு. பெரும்பாலும் நாய்க்கே செய்யப்படுகிறது.

நாய்க்கு 28 பால்பற்கள்; பின்னர் 42 நிலைப்பற்கள். கீழ்க் கோரைப்பல் உட்பக்கம் சாய்ந்து வளர்ந்தால், வாயை மூடும்போதெல்லாம் மேலண்ணத்தைக் குத்தும். அங்கே சிறு குழி விழும்; முற்றினால் மூக்குவரை துளை போய்விடும். குட்டிப் பருவத்திலேயே பால்கோரையை எடுத்துவிட்டால் தாடை தடையின்றி வளர இடம் கிடைக்கும். வளர்ந்த பிறகென்றால் மேல்வரிசையில் அக்ரிலிக் சரிவுத்தட்டு ஒட்டுவார்கள். கடிக்கக் கடிக்கக் கீழ்ப்பல் அந்தச் சரிவில் வழுக்கி வெளியே நகரும். சில வாரங்களில் தட்டைக் கழற்றிவிடலாம். பொருத்தவும் கழற்றவும் மயக்க மருந்து வேண்டும்.

இந்தக் கோணல் பரம்பரையாகவும் வரும். அதனால் பல்லை நேராக்கி நாய்க் கண்காட்சிப் போட்டியில் நிறுத்துவது ஏமாற்று வேலைதான். செயற்கையாகத் தோற்றம் மாற்றிய நாயை அமெரிக்க கென்னல் கிளப் போட்டியில் சேர்ப்பதில்லை.

பல்லடம், காங்கேயம் வட்டாரத்தில் பல் பிடித்துப் பார்ப்பது பழைய கலை. ஆனால் அது மாட்டுக்கு, வயதறிய. (தானமாக வந்த மாட்டுக்கு மட்டும் விலக்கு.) வாங்குபவர் கீழுதட்டை விரலால் இறக்கி எண்ணுவார்: இரண்டு நிலைப்பல் என்றால் சுமார் 2 வயது; எட்டும் முளைத்திருந்தால் 4 தாண்டியது. மாட்டின் மேல்தாடை முன்பக்கத்தில் பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். கோளாறு பெரும்பாலும் கடைவாயில்: தேய்மானம் சமமில்லாமல் போய்க் கூர்முனை கன்னத்தை அறுக்கும். அதற்குத் தட்டு வேண்டாம்; அரத்தால் ராவிவிடுவார்கள்.