வில் இல்லாத கத்தி

மடக்குக் கத்தியின் உயிர் அதன் முதுகிலுள்ள எஃகு வில்தகட்டில் இருக்கிறது. அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அழுத்திப் பிடிப்பது அதுவே. பிரான்சின் லகியோல் கத்தியில் இத்தகட்டைத் தறையாணிகள் பிணைக்கின்றன. முறிந்தால் ஆணிகளைத் தட்டிக் கழற்றிக் கத்தியையே பிரிக்க வேண்டும். கைதேர்ந்த கத்திக் கொல்லருக்கே அது கைவரும்.

அதே நாட்டின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய உழவர் கத்தியில் வில்லே கிடையாது. மரப்பிடி, அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம், அவ்வளவுதான். முறிவதற்கு வில் இல்லை. மரத்தின் இறுக்கமன்றி அலகைத் தடுக்கவும் ஏதுமில்லை. சுழலும் பூட்டு வளையம் வர 1955 ஆயிற்று. அந்த 65 ஆண்டுகளில் வெட்டுப்பட்ட விரல்களை யார் கணக்கெடுத்தார்கள்? எனினும் அந்த எளிமையையே நாம் வியக்கிறோம். ஈரத்தில் மரம் உப்பி அலகு சிக்கினால், பிடியின் அடியை மேசையில் தட்டுவார்கள். அலகு சற்றே வெளிவரும். 'சவோயார் தட்டு' என்று அதற்குப் பெயர்.