சரம்

பூச்சரம், முத்துச்சரம், சரவெடி: ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்பதைச் சரம் என்கிறோம். ‘சரமாரி’யில் உள்ளது வேறு சொல், அங்கே சரம் என்றால் அம்பு. கணினித் தமிழில் ‘ஸ்ட்ரிங்’ என்பதற்கு எடுத்துக்கொண்டது கோத்த சரத்தைத்தான். மிகப் பொருத்தமான தேர்வு. எழுத்து, இலக்கம், இடைவெளி எதுவானாலும் வரிசையாகக் கோத்துவிட்டால் சரம். அதில் வரிசைதான் முக்கியம், மதிப்பு அல்ல.

நிரல் எழுதத் தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுவே. பைத்தானில் ‘இன்புட்’ வழியாக நாம் தட்டுவதெல்லாம் சரமாகவே உள்ளே வரும். 12, 3 என்று தட்டி, அப்படியே கூட்டச் சொன்னால் 15 வராது, 123 வரும். சரங்களுக்கு நடுவே வரும் கூட்டல் குறி முனையோடு முனையை முடிந்துவிடும், அவ்வளவுதான். இரண்டையும் ‘இன்ட்’ கொண்டு எண்ணாக மாற்றிய பிறகே 15.

எண்ணைச் சரமாக்கும் வேலையும் உண்டு. 12.5 ரூபாயை 12.50 என்று காட்ட வேண்டுமானால், அந்தக் கடைசிச் சுழி சரத்தில்தான் தங்கும், எண்ணில் தங்காது. 2016இல் வெளியான பைத்தான் 3.6 தந்த ‘எஃப்-ஸ்ட்ரிங்’ இதை எளிதாக்கியது.

தமிழ் இலக்கங்களும் ‘இன்ட்’டுக்குத் தெரியும். ௧௨ என்ற சரத்தைக் கொடுத்தால் 12 கிடைக்கும். ௰ கொடுத்தால் பிழை காட்டும்: யூனிகோடில் அது பத்தைக் குறிக்கும் எண்குறி, தசம இலக்கம் அன்று.