மலாயாவின் நெடுஞ்சாலையும் தமிழரும்

மலாய்த் தீபகற்பத்தில் சாலைகள் தோன்றுவதற்கு முன்னர் ஆறுகளே வழிகளாக விளங்கின. கோலாலம்பூர், கோலகங்சார், கோலசிலாங்கூர், கோலலிப்பிஸ் எனப் பல ஊர்ப்பெயர்களின் முன்னால் நிற்கும் ‘கோலா’ என்னும் மலாய்ச் சொல், ஆற்று முகத்துவாரத்தையோ இரண்டு ஆறுகள் கூடும் இடத்தையோ குறிப்பதாகும். படகு செல்லும் தூரம் வரையில்தான் ஊர், அதற்கப்பால் காடு.

இந்நிலையை மாற்றியது ஈயம். 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் மேற்குக் கரை மாநிலங்களில் ஆங்கிலேய ரெசிடெண்டுகள் அமர்ந்தனர். சுரங்கத்து ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதே அவர்களுடைய முதற்கவலை. மாட்டுவண்டிப் பாதைகள் வெட்டப்பட்டன. 1885 ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்கிற்கும் இன்று கோலசெப்பத்தாங் எனப்படும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் இரயில் ஓடிற்று. தொடக்ககாலப் பாதைகள் பலவும் சுரங்கத்திலிருந்து கடலை நோக்கியே சென்றன. 1896இல் நான்கு மாநிலங்கள் ஒரே கூட்டாட்சியான பின்னரே, வடக்கு தெற்காக அவற்றை இணைக்கும் பெருஞ்சாலை முதன்மை பெற்றது.

அச்சாலையை அமைத்த உழைப்பில் பெரும்பங்கு தென்னிந்தியருடையது. காட்டை அழித்து, சதுப்பில் மண் கொட்டி, கருங்கல்லைச் சுத்தியலால் கையாலேயே உடைத்துப் பரப்பினர். பொதுப்பணி இலாகாவின் லயங்களில் வாழ்ந்த அவர்களைப் பற்றி, தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுதப்பட்ட அளவில் பாதிகூட எழுதப்படவில்லை. சாலையில் செல்பவர் அதை இட்டவரை நினைப்பதில்லை போலும்.

ஈயத்திற்காக இட்ட சாலை இரப்பருக்குப் பயன்பட்டது. 1910ஆம் ஆண்டையொட்டி இரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோது, துரைமார்கள் சாலையும் இருப்புப்பாதையும் ஏற்கெனவே இருந்த இடங்களின் அருகிலேயே நிலம் தேடினர். ஆகவே தோட்டங்கள் மேற்குக் கரையில் குவிந்தன. தோட்டங்களுக்கு வந்த தமிழரும் அங்கேயே குவிந்தனர். கெடாவிலிருந்து ஜொகூர் வரை தமிழர் வாழும் ஊர்களை நிலப்படத்தில் குறித்தால், அது பெரும்பாலும் பழைய பெருஞ்சாலையின் வரைபடமாகவே அமையும். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்தில் அச்சாலையைச் சிங்கப்பூருடன் இணைத்தது.

வணிகத்திற்கு இட்ட நல்ல சாலை பகைவனுக்கும் நல்ல சாலையே. 1941 டிசம்பரில் வடக்கே இறங்கிய ஜப்பானியர் சைக்கிள்களிலும் டாங்கிகளிலும் அதே வழியாக விரைந்தனர். 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் ஆங்கிலேயரின் தற்காப்பு ஒரே காலைப்பொழுதில் சிதறிற்று. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

சுதந்திரத்திற்குப் பின் கிழக்குக் கரையின் குறை ஓரளவு தீர்ந்தது. கெரிக்கிலிருந்து ஜெலி வரையிலான கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, கம்யூனிஸ்டுகளின் தாக்குதல்களுக்கிடையே அமைக்கப்பட்டு 1982இல் திறக்கப்பட்டது. 1994 செப்டம்பர் 8இல் திறப்பு விழாக் கண்ட வடக்கு தெற்கு விரைவுச்சாலை புக்கிட் காயு ஹீத்தாமையும் ஜொகூர் பாருவையும் இணைத்தது. பயணநேரம் குறைந்தது. ஆயின் பீடோர், தாப்பா, சிலிம் ரிவர் போன்ற ஊர்களில் நின்று தேநீர் அருந்திச் சென்ற பயணிகளும் குறைந்தனர்.

சாலைத் தொழிலாளர் தம் லயங்களின் அருகே மரத்தடியில் சூலம் நட்டும் கல் வைத்தும் வழிபட்ட இடங்கள் பல பின்னாளில் கோயில்களாயின. அந்நாளில் எவரும் நிலப்பட்டா கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. அந்நிலம் பெரும்பாலும் அரசுடையது; சில இடங்களில் சாலை விரிவாக்கத்திற்கென ஒதுக்கப்பட்டது. சாலை அகன்றபோது, அதை அமைத்தவர்களின் கோயிலே முதலில் இடம்பெயர நேர்ந்தது. பட்டாவும் பதிவும் உரிய காலத்தில் பெற்ற கோயில்கள் தப்பின.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே செல்லும் பழைய பெருஞ்சாலையின் தொடக்கம் ஈப்போ சாலையாகும். அதன் ஒரு பகுதிக்கு 2014இல் சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயர் சூட்டப்பட்டது. தைப்பூசத்திற்காக மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் முருகப்பெருமானின் தேர், அச்சாலை வழியாகவே பத்துமலையைச் சென்றடைகிறது.