புள்ளி அந்துப்பூச்சியும் இயற்கைத் தேர்வின் சான்றும்

உயர்நிலைப் பள்ளி உயிரியல் நூல்களில் இயற்கைத் தேர்வைப் பற்றிய பகுதியை நோக்குவார் பெரும்பாலும் ஒரு படத்தைக் காண்பர். மரப்பட்டையின்மேல் இரண்டு அந்துப்பூச்சிகள் அமர்ந்திருக்கும். ஒன்று வெண்ணிறத்திற் கரும்புள்ளிகள் உடையது, மற்றொன்று முற்றும் கரியது. ஆசிரியர் பலர் ஒரே பாட வேளையில் இதனை விளக்கி முடிப்பர். ஆயின் இச்சான்று உருவானதும், ஐயத்துக்கு உள்ளானதும், மீண்டும் நிலைபெற்றதும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறாகும். அவ்வரலாற்றை அறியாது சான்றை மட்டும் கற்பிப்பது போதுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப்புகும் பொருள்.

டார்வின் தம் பெருநூலை 1859-இல் வெளியிட்டபோது, இயற்கைத் தேர்வு செயற்படும் முறையை விளக்கக் கற்பனை எடுத்துக்காட்டுகளையே ஆண்டார். இயற்கையில் அது நிகழ்வதைக் கண்ணாற் கண்ட சான்று அவரிடம் இல்லை. எனினும் அவர் வாழ்ந்த நாட்டிலேயே அச்சான்று வளர்ந்துகொண்டிருந்தது. தொழிற்சாலைகள் மிகுந்த மான்செஸ்டர் நகரில் 1848-இல் கரிய வகைப் பூச்சி ஒன்று பிடிக்கப்பட்டது. 1895-இல் அந்நகர்ப் பூச்சிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 98 கரியனவாக இருந்தன. நிலக்கரிப் புகை மரங்களிற் படர்ந்த வெளிறிய பாசியினத்தை அழித்துப் பட்டையைக் கருக்கியது; அதனால் வெண்ணிறப் பூச்சிகள் பறவைகளின் கண்ணுக்கு எளிதிற் புலனாயின என்று டட் என்பார் 1896-இல் கருத்துரைத்தார். 1924-இல் ஹால்டேன் இம்மாற்றத்தின் விரைவைக் கணக்கிட்டு, கரிய வகை வெண்ணிற வகையினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதியாக வழித்தோன்றல்களை விட்டுச் சென்றிருத்தல் வேண்டும் என்று காட்டினார்.

கருத்தும் கணக்கும் இருந்தன; கள ஆய்வு இல்லை. அக்குறையை நிறைவு செய்தவர் ஆக்ஸ்போர்டைச் சார்ந்த கெட்டில்வெல். அவர் 1953-இல் புகை படிந்த பர்மிங்காமை அடுத்த காட்டில், அடையாளமிட்ட பூச்சிகளை விடுத்து மீண்டும் பிடித்தார். கரியவை 447-இல் 123-உம், வெண்ணிறத்தவை 137-இல் 18-உம் அகப்பட்டன. 1955-இல் புகையற்ற டார்செட் காட்டில் இவ்விகிதம் தலைகீழாயிற்று: வெண்ணிறத்தவை 496-இல் 62, கரியவை 473-இல் 30. பறவைகள் பூச்சிகளைக் கொத்தும் காட்சியை டின்பர்கன் படம்பிடித்தார். பாடநூல்கள் இம்முடிவை விரைந்து ஏற்றன.

எனினும் ஆய்வில் குறைகள் இருந்தன. இயல்பான எண்ணிக்கையினும் மிகுதியான பூச்சிகள் விடப்பட்டன. அவை பகற்பொழுதில் மரத்தின் அடிப்பகுதியில் வைக்கப்பட்டன. நூல்களில் அச்சான படங்களுட் சில, இறந்த பூச்சிகளைப் பட்டையிற் பொருத்தி எடுக்கப்பட்டவை. 1998-இல் மஜெரஸ் தம் நூலில் ஆய்வு முறையின் குறைகளை வெளிப்படையாக எடுத்துரைத்தார். உடனே சிலர், சான்றே பொய் என்றும் இயற்கைத் தேர்வே வீழ்ந்தது என்றும் முழங்கினர். முறையின் குறை வேறு, முடிவின் பொய்ம்மை வேறு என்பதை அவர்கள் எண்ணிலர்.

மஜெரஸ் வாதத்தால் விடை கூறவில்லை. ஆய்வையே மீண்டும் நிகழ்த்தினார். கேம்பிரிட்ஜில் ஆறு ஆண்டுகளில் 4,864 பூச்சிகளை, இயல்பை ஒத்த குறைந்த அடர்த்தியில் இரவில் விடுத்து, அவை தாமே அமர்விடம் தேர விட்டார். பூச்சிகளிற் பெரும்பாலன கிளைகளில் அமர்வதையும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியானவை அடிமரத்தில் அமர்வதையும் கண்டார். புகையற்ற அவ்விடத்தில் பறவைகள் கரியவற்றையே மிகுதியாகத் தின்றன. அவர் 2009-இல் மறைந்தார். முடிவுகளை நண்பர்கள் 2012-இல் வெளியிட்டனர்.

இதற்கு வேறு சான்றும் துணை நின்றது. பிரிட்டனில் 1956-இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டபின் புகை குறைந்தது. லிவர்பூலை அடுத்த ஓரிடத்தில் 1959-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 93 ஆக இருந்த கரிய வகை, 1990-களின் நடுவில் 20-க்கும் கீழே இறங்கியது. 2016-இல், கருமைக்குக் காரணம் கார்டெக்ஸ் என்னும் மரபணுவினுள் இடம்பெயர் மரபுத்துண்டு ஒன்று புகுந்தமையே என்றும், அது ஏறத்தாழ 1819-இல் நேர்ந்ததாகலாம் என்றும் லிவர்பூல் ஆய்வாளர் கண்டனர். புகை பூச்சியைக் கருக்கவில்லை. தற்செயலாகத் தோன்றிய வேறுபாட்டைச் சூழல் தேர்ந்தெடுத்தது என்பது இதனால் தெளிவாயிற்று.

இவ்வெடுத்துக்காட்டின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. கரியதாயினும் வெளிறியதாயினும் அது ஒரே இனப் பூச்சியே. புதிய இனங்களின் தோற்றத்துக்குப் புதைபடிவம், உடலமைப்பு ஒப்பீடு, மரபணு ஒப்பீடு முதலிய பிற சான்றுகளையே நாடல் வேண்டும். இப்பூச்சி காட்டுவது, தேர்வு என்னும் செயல் மனிதர் கண்முன்னே நிகழும் என்பதையே.

ஆகவே, குறை கூறப்பட்டது என்பதற்காக இச்சான்றைப் பாடநூலினின்று நீக்குதல் தக்கதன்று. குறையை மறைத்துக் கற்பித்தலும் தக்கதன்று. 1953-இன் எண்களோடு 1998-இன் ஐயத்தையும் 2012-இன் விடையையும் சேர்த்துக் கற்கும் மாணவன், பூச்சியின் நிறத்தை மட்டும் அறிவதோடு நில்லான். ஒரு கூற்று எப்போது சான்றாகும் என்பதையும் அறிவான். அதுவே உயிரியல் பாடத்தின் பெரும்பயன் என்பது நம் துணிபு.