சாரோஸ் சுழற்சி

கிரகணங்கள் 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே சாயலில் திரும்பி வரும் கால ஒழுங்கு. 223 அமாவாசைகள் கழிந்ததும் சூரியனும் சந்திரனும் ராகு அல்லது கேதுப் புள்ளியருகே பழையபடி சந்திக்கின்றன. மிஞ்சும் 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் கிரகணம் அந்த அளவுக்கு மேற்கே விலகித் தெரியும். மூன்று சுழற்சிகள் சேர்ந்தால் பழைய வட்டாரம். 1955 ஜூன் 20இல் இலங்கைமீது விழுந்த முழு நிழல், 2009 ஜூலை 22இல் சூரத், பாட்னா வழியே போனது. தமிழ்நாட்டுக்கு வாய்த்தது பகுதிக் கிரகணமே.

இப்படி ஒரு சுழற்சி இடைவெளியில் அடுத்தடுத்து வரும் கிரகணங்கள் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையும் ஒரு துருவத்தருகே சிறு பகுதிக் கிரகணமாகத் தொடங்கி, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் நகர்ந்து, மறு துருவத்தில் பகுதிக் கிரகணமாகவே தேய்கிறது. மேற்சொன்ன இரண்டும் அடங்கிய 136ஆம் வரிசை 1360இல் தொடங்கியது; 2622இல் முடியும்.

பாபிலோனியர் இதை அறிந்திருந்ததற்குக் களிமண் பலகைகள் சான்று. கி.மு. 585 கிரகணத்தைக் கிரேக்க அறிஞர் தேலிஸ் இதன் துணையால் முன்னுரைத்தார் என்பது ஐயத்துக்குரியது. கிரேக்கக் கடலில் கிடைத்த ஆன்டிகிதீரா என்ற பழங்கால வானியல் பொறியின் பின்புறம் நான்கு சுற்றுச் சுருளில் 223 கட்டங்கள் உள்ளன. சந்திர கிரகண மாதத்தின் கட்டத்தில் சிக்மா, சூரிய கிரகண மாதத்தின் கட்டத்தில் ஈட்டா என்ற கிரேக்க எழுத்து. 8 மணி, 16 மணி கூட்டிக்கொள்ள ஒரு குட்டி முகப்பும் உண்டு.

பெயர்தான் வம்பு. பைசாந்திய அகராதியான சூடாவில் கண்ட ‘சாரோஸ்’ என்ற சொல்லை 1691இல் ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி இதற்குச் சூட்டினார். பாபிலோனில் அதன் மூலச்சொல் 3,600 என்ற எண்ணையே குறித்தது. ஹாலி இறந்து 14 ஆண்டுகள் கழித்து, 1756இல், பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டில் பிழையைச் சுட்டினார், பெயர் மாறவில்லை. லெ ஜான்டிலுக்கு அதிர்ஷ்டம் குறைவு. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளியின் இடைநகர்வைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்தார். 1769 ஜூனில் அதை மேகம் மறைத்தது. அங்கே தமிழர் ஒருவர் சோழிகளை வைத்து, மனப்பாட வாய்பாடுகளால் கிரகணம் கணித்துக் காட்டினார். அது வாக்கிய முறை, சாரோஸ் அல்ல. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தில் சோழிக் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி கூடியது.

வரிசைகளுக்கு இன்றுள்ள எண்களை 1955இல் தந்தவர் நெதர்லாந்தின் வான் டென் பெர்க், தொழிலால் சட்டப் பேராசிரியர்.

156ஆம் வரிசை 2011 ஜூலை 1இல் அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் பிறந்தது. சூரியனின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட மறையவில்லை. அதன் இரண்டாம் கிரகணம் 2029 ஜூலை 11இல், தென் அமெரிக்காவின் தென்கோடிப் பக்கம்.