செலிலோ: நீரில் மூழ்கிய மீன்பிடித்துறை

தகரப்பேணியில் வரும் எந்த மீனையும் 'சமன்' என்றே அழைத்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. அப்பெயருக்குரிய சல்மன் மீனின் வாழ்வு மலைப்பனியில் தங்கியிருக்கிறது என்பதை, செலிலோ அருவியின் வரலாற்றைப் படித்தபோதே அறிந்துகொண்டேன்.

கனடாவின் மலைகளில் ஊற்றெடுக்கும் கொலம்பியா ஆறு, அமெரிக்காவின் வொஷிங்டன், ஒரேகன் மாநிலங்களூடாகப் பசுபிக் கடலை அடைகிறது. குளிர்காலத்தில் மலைகளில் படியும் பனியே இந்த ஆற்றின் சேமிப்பு. இளவேனிலில் அது உருகிப் பெருவெள்ளமாக இறங்கும். குளிர்ந்து கலங்கிய அவ்வெள்ளம், சல்மன் குஞ்சுகளை அவற்றை உண்ணும் மீன்களின் கண்ணில் படாமல் விரைவாகக் கடலில் சேர்க்கும். சில ஆண்டுகளில் அவை பெருமீன்களாகித் தாம் பிறந்த ஓடையைத் தேடித் திரும்பும்.

அவ்வாறு திரும்பும் மீன்களைப் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செலிலோவில் பிடித்துவந்தனர். பாறை விளிம்பில் மரத்தட்டி கட்டி நின்று, நீண்ட கம்பில் பொருத்திய வலையால் அள்ளினர். 1855இல் அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்து நிலத்தின் பெரும்பகுதியை இழந்தபோதும், வழமையான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை அவர்கள் எழுத்தில் காத்துக்கொண்டனர்.

1948 மே 30ஆம் திகதி, பனியுருகிய வெள்ளம் கரையை உடைத்து வான்போர்ட் நகரை ஒரே நாளில் அழித்தது. ஆற்றை அடக்கவேண்டும் என்ற குரல் வலுத்தது. மின்சாரத் தேவையும் சேர்ந்துகொண்டது. 1957 மார்ச் 10ஆம் திகதி டாலஸ் அணையின் கதவுகள் மூடப்பட்டன. சில மணி நேரத்தில் செலிலோ அருவி நீருள் மறைந்தது. 1961இல் கைச்சாத்தான அமெரிக்க–கனடிய உடன்படிக்கையின்படி, கனடாவிலும் மூன்று அணைகள் எழுந்தன. இளவேனில் வெள்ளம் அணைகளில் தேங்க, குஞ்சுகளின் கடற்பயணம் தாமதமாயிற்று.

பழங்குடியினருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. உரிமை காகிதத்தில் இருந்தது. நின்று மீன்பிடித்த பாறை நீருக்கடியில் இருந்தது.

2015இல் இன்னொரு பாடம். குளிர்காலத்தில் பனியாக விழவேண்டியது பெருமளவு மழையாக விழுந்து ஓடிவிட்டது. கோடையில் ஆறு சூடேறியது. கடலிலிருந்து திரும்பிய சொக்கை வகைச் சல்மன்களில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மாண்டன.

ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகும் நாளைத் தலைப்புச் செய்தியாக்குவது எங்கள் தொழில் வழக்கம். ஓர் உரிமையைப் பற்றி எழுதும்போது, அதைத் தாங்கி நிற்கும் நிலத்தையும் நீரையும் சேர்த்தே எழுதவேண்டும் என்பதைச் செலிலோ எனக்குக் கற்பித்தது.