கல்லில் எழுதிய விதியும் மாறும்!

மாற்றவே முடியாத ஒன்றைக் "கல்லில் வெட்டிய எழுத்து" என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் உத்திரமேரூர் சபையார் கல்லில் வெட்டிய விதிகளையே இரண்டு ஆண்டுகளில் திருத்தி எழுதியிருக்கிறார்கள்!

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர், சோழர் காலத்தில் ஒரு பிராமணக் குடியிருப்பு. ஏரி, தோட்டம் முதலிய பொதுக் காரியங்களை வாரியங்கள் என்ற குழுக்கள் கவனித்தன. வாரியத்துக்கு ஆள் எடுப்பது எப்படி என்று முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) சபை கூடி விதி செய்தது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 30-க்கு மேல் 60-க்குள் இருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. தேர்வு குடவோலை மூலம் நடக்கும்.

நல்ல விதிகள்தான். ஆனாலும் 14-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 921) சபை மீண்டும் கூடியது. வயது வரம்பு 35 முதல் 70 வரை என்று மாறியது. வேதமும் பாடியமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்று சலுகை தரப்பட்டது.

முக்கியமான விஷயம் கணக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவினரும் வர முடியாது. யார் உறவினர் என்ற வாதத்துக்கே இடம் தராமல் சிற்றன்னை, பெரியன்னை மக்கள், மாமன், மைத்துனன், மாமனார், மருமகன், தகப்பன், மகன் என்று ஒவ்வொரு உறவையும் கல்லில் வெட்டினார்கள். பிறர் பொருளைத் திருடியவருக்கும் தடை. பதவியில் இருக்கும்போதே குற்றம் செய்தவர் உடனே நீக்கப்படுவார்.

ஓலை எடுப்பதிலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. பொதுச்சபை நடுவே, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். கைக்குள் ஓலை மாற்ற வழியே இல்லை!

தீயவர் ஒழிந்து நல்லவர் வளர வேண்டும் என்பதே திருத்தத்துக்கு அந்தக் கல்வெட்டு சொல்லும் காரணம். அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்று அது விவரிக்கவில்லை. ஆனால் உறவு முறைகளின் அந்த நீண்ட பட்டியலைப் படிக்கும்போது ஓரளவு ஊகிக்கலாம்.

இதை இன்றைய ஜனநாயகம் என்று கொண்டாடுவது சரியல்ல. பெண்களுக்கும், நிலமற்றவர்களுக்கும், பிற சாதியாருக்கும் அங்கே இடமில்லை. அந்தக் குறையை எந்தத் திருத்தமும் தொடவில்லை.

ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. விதி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று அந்தச் சபை நினைக்கவில்லை. ஓட்டை தெரிந்ததும் கூடிப் பேசி அடைத்தது. பழைய விதியை அழிக்கவும் இல்லை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் 919-ம் இருக்கிறது, 921-ம் இருக்கிறது. எது மாறியது என்று 1,100 ஆண்டுகள் கழித்தும் யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.